ஆந்தைக்கு ஒரு கண்ணைக் கொடுத்தவர்

நம் அகங்களில் ஆந்தை என்றாலே ஒரு தயக்கம் உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் வாசல் வேப்பமரத்திலிருந்து அது ஒரு குரல் கொடுத்தால் போதும், வீட்டுப் பெரியவர்கள் ராம ராம என்று சொல்லிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு தரம் அலறினால் இன்ன பலன், இரண்டு தரம் அலறினால் இன்ன பலன் என்று கணக்கெல்லாம் வைத்திருந்தார்கள். இதே விஷயத்தைக் கல்கத்தாவில் வசிக்கும் நம் உறுப்பினர்களிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அங்கே வெள்ளைக் கூகை லக்ஷ்மிதேவியின் வாகனம். அது வீட்டு மச்சில் வந்து தங்கினால் யாரும் விரட்டமாட்டார்கள். ஒரே பறவை, ஒரே தேசம். ஆனால் ஓர் ஊரில் அபசகுனம், இன்னோர் ஊரில் ஐசுவரியம்!

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆந்தைகளைத் தேடிப் போய்ப் படம் பிடிப்பது எனக்குப் பொழுதுபோக்காக ஆயிற்று. நாக்பூரில் இதற்கு வசதி அதிகம். ஊருக்குள்ளேயே பெரிய பெரிய ஆலமரங்களும் வேம்புகளும் உண்டு. பொந்து இருக்கும் மரத்தில் பெரும்பாலும் ஒரு ஜோடி புள்ளி ஆந்தையும் இருக்கும். மராத்தியில் இதைப் பிங்களா என்பார்கள், பெரிய ஆந்தைகளைக் குபட் என்பார்கள். காமிராவைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் ஆந்தை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், வேறு வேலை இல்லையா என்று கேட்பவர்கள்தான் அதிகம். அப்படிக் கேட்பவர்களுக்கெல்லாம் நான் ஒருவருடைய கதையைச் சொல்வது வழக்கம். அவர் பெயர் எரிக் ஹாஸ்கிங். பறவைகளைப் படம் பிடிப்பதே ஜீவனம் என்று வாழ்ந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். ஆந்தையைப் படம் பிடிக்கப் போய் ஒரு கண்ணை இழந்தவர். இழந்த பிறகும் ஐம்பது வருஷத்துக்கு மேல் அதே தொழிலில் இருந்தவர். அவருடைய வரலாற்றை நம் உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இளமையும் முதல் காமிராவும்

எரிக் ஹாஸ்கிங் 1909ஆம் வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி லண்டனில் பிறந்தார். நமக்கெல்லாம் மறக்க முடியாத தேதி அது. பெரிய வசதி படைத்த குடும்பம் இல்லை. சிறு பையனாக இருக்கும்போதே கோடக் கம்பெனியின் பாக்ஸ் பிரவுனி காமிரா ஒன்று கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் மிகவும் மலிவான காமிரா அதுதான். ஒரு சதுரப் பெட்டி, முன்னால் ஒரு சாதாரண லென்ஸ், அவ்வளவுதான். தூரத்தில் இருக்கும் பறவையை அதில் எடுத்தால் படத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. இருந்தாலும் பையன் விடவில்லை. கூடுகளைத் தேடிக்கொண்டு வேலியோரங்களில் அலைந்தான்.

படிப்பில் அவர் பெரிய பெயர் எடுக்கவில்லை. பள்ளியை விட்டதும் மோட்டார் கார் வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 1920களின் முடிவில் அந்த வேலை போயிற்று. அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்காக லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஒரு படம் எடுக்கும் வாய்ப்பு வந்தது. அங்கே வந்திருந்த ராட்சத யானை சீலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குழந்தையை நிற்க வைத்து அவர் எடுத்த படம் அச்சில் வந்தது. மலை போன்ற பிராணியும் அதன் அருகே பொம்மை போல ஒரு குழந்தையும்! அந்த ஒரு படத்தில் கிடைத்த பெயரை வைத்துக்கொண்டு, இனி இதுதான் தொழில் என்று தீர்மானித்துவிட்டார்.

அந்தத் தீர்மானம் எவ்வளவு துணிச்சலானது என்று இன்றைக்கு நமக்கு லேசில் புரியாது. 1930களின் ஆரம்பத்தில் உலகம் முழுவதும் பொருளாதார மந்தம். நல்ல படிப்பு படித்தவர்களுக்கே வேலை கிடைக்கவில்லை. பறவைப் படங்களை விற்றுப் பிழைப்பது என்பது அநேகமாக யாரும் கேள்விப்படாத காரியம். அதற்கு முன்னால் கீர்ட்டன் சகோதரர்கள் முதலிய சிலர் இங்கிலாந்தில் பறவைகளைப் படம் எடுத்துப் புத்தகங்கள் போட்டிருந்தார்கள். ஆனாலும் அதை நம்பிக் குடித்தனம் நடத்தலாம் என்று ஒரு தகப்பனாரும் மகனுக்குச் சொல்லியிருக்கமாட்டார். ஹாஸ்கிங் பத்திரிகைகளுக்குப் படங்கள் அனுப்பினார். ஊர் ஊராகப் போய் ஸ்லைடு போட்டுச் சொற்பொழிவு செய்தார். வருமானம் சொற்பம்தான், ஆனால் நாலு பேருக்கு அவர் பெயர் தெரிய ஆரம்பித்தது.

மறைவிடம் என்னும் வித்தை

அந்தக் காலத்துக் காமிரா எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு கதை விளங்கும். ஹாஸ்கிங் நெடுங்காலம் உபயோகித்தது சாண்டர்சன் என்னும் மரப்பெட்டிக் காமிரா. அதற்கு முக்காலி வேண்டும். ஃபிலிம் சுருள் கிடையாது, கண்ணாடித் தகடுதான். ஒரு தகட்டில் ஒரு படம். எடுத்தவுடன் தகட்டை மாற்றி, ஷட்டரை மறுபடி தயார் செய்தால்தான் அடுத்த படம். இப்போது நாம் விரலை அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு விநாடியில் 10, 20 படங்கள் விழுகின்றன. அவருக்கு ஒரு ராத்திரியில் 2, 3 படங்கள் கிடைத்தாலே பெரிது.

தூரத்திலிருந்து இழுத்து எடுக்கும் பெரிய லென்ஸ்களும் அப்போது இல்லை. பறவைக்கு மிக அருகில் போய்த்தான் தீரவேண்டும். அதற்குத்தான் மறைவிடம். நாலு கம்பு நட்டு, மேலே கித்தான் துணி போர்த்தி, உள்ளே ஒரு மனிதன் உட்கார இடம். இதை முதல் நாளே கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கமுடியாது. பறவை பயந்து கூட்டையே விட்டுவிடும். முதலில் தூரத்தில் வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பறவைக்குப் பழக்கம் ஆன பிறகுதான் அருகில் கொண்டுவர வேண்டும். மரத்தின் உச்சியில் கூடு என்றால் அதே உயரத்துக்குச் சாரம் கட்டி அதன்மேல் மறைவிடத்தை அமைக்க வேண்டும்.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. மறைவிடத்துக்கு இரண்டு பேர் பேசிக்கொண்டே போவார்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்ததும் மற்றவர் சத்தமாக நடந்து திரும்பிப் போய்விடுவார். பறவைக்கு எண்ணிக்கை தெரியாது. வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தன் காரியத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அதன் பிறகு உள்ளே இருப்பவர் இருமாமல் தும்மாமல், கால் மரத்துப்போனாலும் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

1937ஆம் வருஷம் மே மாதம்

வேல்ஸ் பிரதேசத்தில் டோல்டௌலாட் என்று ஓர் எஸ்டேட் இருக்கிறது. நீராவி இயந்திரத்தோடு சேர்த்து நாம் பள்ளியில் படித்த ஜேம்ஸ் வாட், தன் வயதான காலத்தில் நிலம் வாங்கிய இடம் அது. அங்கே 1937 வசந்தத்தில் ஹாஸ்கிங் ஒரு பழுப்பு ஆந்தைக் குடும்பத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த ஜாதி ஆந்தை இங்கிலாந்து முழுவதும் சாதாரணமாக உள்ளதுதான். மரப்பொந்தில் முட்டையிடும். சுபாவத்தில் சாது என்று சொல்லலாம். ஆனால் பொந்தில் குஞ்சு இருக்கும் நாட்களில் மட்டும் அதன் குணம் அடியோடு மாறிவிடும். யார் நெருங்கினாலும் தாக்கும். அதுவும் முகத்தைப் பார்த்துத் தாக்கும்.

இங்கே ஆந்தையின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். காக்கை பறந்தால் நமக்குச் சிறகடிக்கும் சத்தம் கேட்கிறது. புறா கிளம்பினால் படபடவென்று கேட்கிறது. ஆந்தை பறந்தால் ஒன்றுமே கேட்காது. அதன் இறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு இருக்கிறது, மேற்பரப்பு வெல்வெட் போல மிருதுவாக இருக்கிறது. காற்றைக் கிழிக்கும் ஓசையை இவை அடக்கிவிடுகின்றன. எலிக்குத் தெரியாமல் எலியைப் பிடிக்க ஏற்பட்ட அமைப்பு இது. மனிதனுக்கும் அதே கதிதான்.

அன்று இருட்டிய பிறகு ஹாஸ்கிங் உயரத்தில் இருந்த தன் மறைவிடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று முகத்தில் பலமான ஓர் அடி. ஆந்தையின் நகம் இடது கண்ணுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. அவருக்கு அப்போது வயது 27.

அவரை லண்டனில் கண் வைத்தியத்துக்குப் பெயர்போன மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இன்றைக்கு இது நடந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். பெனிசிலினை 1928லேயே ஃப்ளெமிங் கண்டுபிடித்திருந்தாலும், அது நோயாளிகளுக்கு மருந்தாகக் கிடைத்தது 1940களில்தான். ஆந்தை நகம் என்பது எலியையும் புழுவையும் கிழித்த நகம். காயத்தில் விஷக்கிருமி ஏறிவிட்டது. காயம் பட்ட கண்ணை அப்படியே விட்டுவைத்தால் நல்ல கண்ணும் கெட்டுப்போகும் அபாயம் உண்டு. அப்படி நேர்ந்தால் முழுக்குருடு. இடது கண்ணை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அடிபட்ட சில நாட்களுக்குள் அந்தக் கண் போய்விட்டது.

கண்ணை நம்பிப் பிழைக்கும் ஒரு மனிதனுக்கு, பிழைப்பு தொடங்கிய சில வருஷங்களிலேயே இப்படி நேர்ந்தால் என்ன செய்வான்? வேறு தொழில் தெரியாது. கையில் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள், இந்த ஆபத்தான வேலை போதும், எங்காவது குமாஸ்தா உத்தியோகம் பார் என்று சொன்னால் அதில் தப்பு காணமுடியாது. இரண்டு கண்ணும் இருந்தால்தான் தூரமும் ஆழமும் சரியாகப் புலப்படும். ஒரு கண்ணால் ஏணி ஏறுவதும், சாரத்தின் மேல் கால் வைப்பதும், அருகில் இருக்கும் பொருளைக் கைநீட்டி எடுப்பதும்கூட முதலில் தடுமாற்றம் தரும்.

ஹாஸ்கிங் தொழிலை விடவில்லை. உடம்பு தேறியதும் மறைவிடத்துக்கே திரும்பினார். படம் எடுப்பதற்கு ஒரு கண் போதும் என்பதை அவர் தன் வேலையாலேயே காட்டினார். யோசித்துப் பார்த்தால் காமிராவுக்கும் ஒரு கண்தானே!

எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது அவர் ஆந்தையின் மேல் விரோதம் பாராட்டாததுதான். பின்னாளில் அவர் மிகவும் ஆசையோடு தேடிப் போன பறவை ஆந்தைதான். அந்தத் தாய் ஆந்தை தன் குஞ்சுகளைக் காப்பாற்றியது. இருட்டில் தன் வீட்டு வாசலில் வந்து நின்ற அந்நியன் மேல் பாய்ந்தது. அதன் பக்கம் நியாயம் இருக்கிறது. 1970இல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது அதற்கு ‘ஆன் ஐ ஃபார் எ பேர்ட்’ என்று தலைப்பு வைத்தார். கண்ணுக்குக் கண் என்ற பழைய பழிவாங்கும் வசனத்தை மாற்றி, ஒரு பறவைக்காக ஒரு கண் என்றும் பொருள் வரும்படி, பறவையைக் காணும் கண் என்றும் பொருள் வரும்படி அமைத்த சிலேடை அது. தனக்கு நேர்ந்த துன்பத்தையே வேடிக்கையாகச் சொல்ல எல்லோருக்கும் மனசு வராது.

இருட்டில் வெளிச்சம்

பத்திரிகைகள் இந்த விபத்தைப் பெரிதாக எழுதின. ஆந்தையால் கண் போன போட்டோகிராபர் என்று பெயர் நாடு முழுவதும் பரவியது. சொற்பொழிவுகளுக்குக் கூட்டம் வந்தது. விபத்தினால் வந்த பிரபலத்தை அவர் உழைப்பால் நிலைநிறுத்திக்கொண்டார். 1939இல் டோரதி ஸ்லே என்பவரை மணந்தார். அவருடைய பயணங்களிலும் வேலைகளிலும் அந்த அம்மாள் கடைசிவரை துணையாக இருந்தார்.

யுத்த காலத்தில் நண்பர் சிரில் நியூபெரியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட புத்தகங்களில் 1944இன் ‘பேர்ட்ஸ் ஆஃப் தி டே’யும் 1945இன் ‘பேர்ட்ஸ் ஆஃப் தி நைட்’டும் முக்கியமானவை. இரண்டாவது புத்தகம் இரவுப் பறவைகளுக்கென்றே ஏற்பட்டது. ஆந்தைகள் ராத்திரியில் என்ன செய்கின்றன, குஞ்சுக்கு என்ன கொண்டுவந்து கொடுக்கின்றன என்பதைச் சாதாரண ஜனங்கள் படமாகப் பார்க்க முடிந்தது.

இரவில் படம் எடுக்க வெளிச்சம் வேண்டும். ஆரம்ப காலத்தில் மக்னீசியப் பொடியைக் கொளுத்துவார்கள். புகையும் சத்தமும் வரும். பிறகு பல்பு வந்தது. ஒரு பல்பு ஒரு தரம்தான் எரியும், பிறகு தூக்கி எறிய வேண்டியதுதான். பறக்கும் பறவையின் சிறகை உறைந்து நிற்பது போலக் காட்டும் வேகம் இரண்டிலும் இல்லை. யுத்தம் முடிந்ததும் எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் வந்தது. ஒரு விநாடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் மின்னல் அது. இங்கிலாந்தில் பறவைகளுக்கு அதை முதலில் உபயோகித்தவர்களில் ஹாஸ்கிங் ஒருவர். ஃபிலிப் ஹென்றி என்ற நண்பர் அதற்கான கருவியைச் செய்து கொடுத்தார். இன்று சட்டைப்பையில் அடங்கும் ஃப்ளாஷ் அன்று ஒரு மூட்டைச் சுமை. அதைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகவேண்டும். மழை பட்டால் ஷாக் அடிக்கும் பயமும் உண்டு.

இன்னொரு உபாயமும் செய்தார்கள். பறவை வரும் வழியில் ஓர் ஒளிக்கதிரைக் குறுக்கே விட்டு வைப்பது. பறவை அதைக் கடந்த கணத்தில் ஷட்டர் தானாகவே இயங்கும். மனிதன் விரலை அழுத்துவதற்குள் பறவை போய்விடும். கதிரை அது ஏமாற்ற முடியாது. 1948இல் அவர் எடுத்த கூகைப் படம் உலகப் பிரசித்தி பெற்றது. சிறகுகள் இரண்டும் மேலே விரிந்திருக்க, அலகில் பிடித்த இரையோடு கூகை நம்மை நேராகப் பார்க்கிறது. ராஜாக்களின் கொடிச் சின்னத்தில் வரைந்த பறவை போல இருக்கிறது என்று அன்றைக்கே பெயர் வாங்கிய படம்.

அழகோடு பிரயோஜனமும் அதில் இருந்தது. ஆந்தை கோழிக்குஞ்சைத் தூக்கும், வேட்டைப் பறவைகளைத் தின்னும் என்று சொல்லி எஸ்டேட் காவலர்கள் அவற்றைக் கொன்றுகொண்டிருந்த காலம் போய், அது உண்மையில் எலியைத்தான் கொண்டுபோகிறது என்று படம் சாட்சி சொல்லியது. விவசாயிக்கு அது கூலி கேட்காத காவல்காரன். கூகைக்கு இரண்டு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. அதனால் சத்தம் வரும் திசையை மட்டும் அல்லாமல் உயரத்தையும் அது கணக்கிட்டுவிடும். கும்மிருட்டில் காது ஒன்றையே கொண்டு அது எலியைப் பிடிக்கும் என்பதை அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் பெய்ன் பின்னால் சோதனை செய்து நிரூபித்தார்.

உலகம் சுற்றிய ஒற்றைக் கண்

1945இல் காலின்ஸ் கம்பெனி ‘நியூ நாச்சுரலிஸ்ட்’ என்ற பெயரில் இயற்கை நூல் வரிசையைத் தொடங்கியபோது ஜூலியன் ஹக்ஸ்லி, ஜேம்ஸ் ஃபிஷர் போன்ற பெரிய மனிதர்களோடு ஹாஸ்கிங்கும் அதன் ஆசிரியர் குழுவில் இருந்தார். படங்கள் அவருடைய பொறுப்பு. பள்ளிப் படிப்போடு நின்றவருக்கு விஞ்ஞானிகள் நடுவே சரியாசனம் கிடைத்தது. ‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ பத்திரிகையின் புகைப்பட ஆசிரியராகவும் 1960இலிருந்து பல வருஷங்கள் இருந்தார்.

கை மவுன்ட்ஃபர்ட் என்ற நண்பர் தலைமையில் பல தேசங்களுக்குப் போன குழுக்களில் ஹாஸ்கிங் இடம் பெற்றார். 1950களில் ஸ்பெயின் தேசத்தின் கோட்டோ டோன்யானா சதுப்பு நிலம், பிறகு டான்யூப் நதியின் கரைகள், 1960களில் ஜோர்டான் பாலைவனம் என்று அந்தப் பட்டியல் நீளும். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் மவுன்ட்ஃபர்ட் எழுத, ஹாஸ்கிங் படங்களோடு ஒரு புத்தகம் வந்தது. 1966லும் 1967லும் உலக வனவிலங்கு நிதியத்தின் சார்பில் அன்றைய பாகிஸ்தானின் இரு பகுதிகளுக்கும் இந்தக் குழு வந்தது. இன்றைய பங்களாதேஷில் இருக்கும் சுந்தரவனத்துக்குள்ளும் போனார்கள். அந்த அனுபவம் 1969இல் ‘தி வானிஷிங் ஜங்கிள்’ என்ற புத்தகமாயிற்று. புலியைக் காப்பாற்ற உலகம் முழுவதும் பணம் திரட்டியவர்களில் இதே மவுன்ட்ஃபர்ட் முன்னணியில் இருந்தார். 1973இல் நம் அரசு தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு அந்த முயற்சியும் உதவியாக இருந்தது.

1977இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு ஓ.பி.இ. விருது கொடுத்தது. 1982இல் ஜிம் ஃப்ளெக் என்பவரோடு சேர்ந்து ‘அவுல்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். கண்ணை இழந்து 45 வருஷங்கள் கழித்து, எழுபது வயது தாண்டிய பிறகு, முழுக்க முழுக்க ஆந்தைகளுக்கென்றே ஒரு புத்தகம்! 1991ஆம் வருஷம் பிப்ரவரி 22ஆம் தேதி தமது 81ஆம் வயதில் காலமானார். மகன் டேவிட் ஹாஸ்கிங்கும் இயற்கைப் புகைப்படக்காரராகவே ஆனார். லண்டனில் வருஷாவருஷம் நடக்கும் பெரிய வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் இளைஞர்களுக்கு அவர் பெயரில் பல ஆண்டுகள் ஒரு பரிசும் வழங்கி வந்தார்கள்.

நம் பக்கத்தில்

ஹாஸ்கிங்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு நம்முடைய மா. கிருஷ்ணன் ஞாபகம் வருவார். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் புதல்வர். 1912இல் பிறந்தவர், ஹாஸ்கிங்கைவிட மூன்று வயது இளையவர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996இல் தாம் மறையும்வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவை உருவாக்கி, அதற்குச் சூப்பர் பாண்டெரோசா என்று வேடிக்கையாகப் பெயர் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே காட்டு யானைகளையும் மற்ற மிருகங்களையும் எடுத்தார். 1970இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே ஒருவர், இங்கே ஒருவர். நிலையான சம்பளம் இல்லாமல், பிடித்த வேலைக்காகவே ஆயுளைக் கொடுத்தவர்கள் இருவரும்.

ஹாஸ்கிங்கின் கண்ணைப் பறித்த பழுப்பு ஆந்தைக்கு நம் தேசத்தில் நெருங்கிய உறவுக்காரர் உண்டு. இமயமலைக் காடுகளில் இருக்கும் மர ஆந்தையைச் சில காலம் முன்புவரை அதே இனமாகத்தான் எண்ணிவந்தார்கள். சமவெளியில் கூகை, புள்ளி ஆந்தை, பாறைகளில் கொம்பன் ஆந்தை, நீர்க்கரையில் மீன் பிடிக்கும் பூமன் ஆந்தை என்று நம்மிடம் 30க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எங்கள் விதர்ப்பாவில் உள்ள மேல்காட் காடுகளில் காட்டுச் சிற்றாந்தை இருக்கிறது. 1884க்குப் பிறகு யாருமே கண்டுபிடிக்க முடியாமல், அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்த பறவை. 1997 நவம்பரில் பமேலா ராஸ்முசன் குழுவினர் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா பக்கம் அதைத் திரும்பக் கண்டார்கள். 113 வருஷம் ஒரு பறவை நம் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது!

தேட விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். ஆந்தையை நேராகத் தேடினால் கிடைக்காது, மரப்பட்டையோடு பட்டையாக உட்கார்ந்திருக்கும். மரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு கொட்டியது போல எச்சம் இருக்கும். பக்கத்திலேயே ரோமமும் எலும்பும் சேர்ந்த சிறு உருண்டைகள் கிடக்கும். ஆந்தை இரையை விழுங்கிவிட்டு, ஜீரணமாகாததைக் கக்கியது அது. பகலில் காக்கைகளும் மைனாக்களும் அணில்களும் ஒரே கிளையைப் பார்த்துக் கூச்சல் போட்டால், அங்கே ஆந்தை இருக்கிறது என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். நீங்கள் நகர்ந்தால் அதன் தலையும் உங்களோடு திரும்பும். அதன் கண் குழியில் அசையாது, ஆகவே தலையை 270 டிகிரிவரை திருப்பிக்கொள்கிறது.

இன்று நாம் கவனிக்க வேண்டியது

ஹாஸ்கிங் காலத்தில் கூட்டருகில் போய் எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மறைக்கும் கிளையை அன்றைய போட்டோகிராபர்கள் ஒதுக்கிக் கட்டிவிட்டுப் படம் எடுத்து, பிறகு அவிழ்த்து விடுவார்கள். இன்று அது தவறு என்றே கருதப்படுகிறது. பிரிட்டனில் 1981 சட்டத்தின்படி லைசென்ஸ் இல்லாமல் கூகையைக் கூட்டில் தொந்தரவு செய்வதே குற்றம். நம்மிடம் இப்போது தூரத்திலிருந்து எடுக்கும் லென்ஸ்கள் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மரப்பொந்தைச் சுற்றி இருபது பேர் காமிராவோடு நிற்பதையும், மொபைல் போனில் ஆந்தையின் குரலைப் போட்டு அதை வெளியே இழுப்பதையும் நான் பார்த்துவருகிறேன். தன் எல்லைக்குள் வேறு ஆந்தை வந்துவிட்டது என்று அது பதறி வருகிறது. அந்த நேரத்தில் குஞ்சுகள் பொந்தில் பட்டினி. ராத்திரியில் முகத்துக்கு நேரே பளீர் பளீர் என்று ஃப்ளாஷ் அடிப்பதும் இப்படித்தான். எத்தனையோ இரவுகள் காத்திருந்து ஹாஸ்கிங் பெற்றதை இவர்கள் ஐந்து நிமிஷத்தில் பெறப் பார்க்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இருந்தும் தீபாவளிச் சமயத்தில் மாந்திரீகம், பலி என்று சொல்லி வட தேசத்தில் ஆந்தைகள் ரகசியமாக விலைபோகின்றன. 2010இல் டிராஃபிக் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, அப்போது கணக்கில் இருந்த 30 வகைகளில் 15 வகைகள் வியாபாரத்தில் இருந்ததாகச் சொன்னது. லக்ஷ்மியின் வாகனத்தைக் கொன்றுவிட்டு லக்ஷ்மி கடாக்ஷத்தை எதிர்பார்ப்பது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு தாய்ப் பறவை தன் குஞ்சைக் காக்க ஒரு மனிதனின் கண்ணைப் பறித்தது. அந்த மனிதன் மீதியிருந்த ஒரு கண்ணால் ஐம்பது வருஷம் அதன் இனத்தின் அழகை உலகத்துக்குக் காட்டினான். நம்மால் கண் கொடுக்க வேண்டாம், ஒரு பழைய மரத்தை வெட்டாமல் விட்டாலே போதும். பொந்துள்ள கிழட்டு மரம்தான் ஆந்தைக்கு வீடு. உங்கள் காலனியில் அப்படி ஒரு மரத்தை வெட்டப் பேச்சு எழுந்தால், வெட்டுவதற்கு முன் ஒரு மாலை அதன் அடியில் போய் நின்று பாருங்கள். யாராவது குடியிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். குடியிருந்தால் சொஸைட்டிக் கூட்டத்தில் அவர்கள் சார்பில் நீங்கள் இரண்டு வார்த்தை பேசுங்கள்.